டோலன் வீட்டுப் பிள்ளைகள்

“நேத்து வந்த பெரியவர்கிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா” என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மாரிச்சாமி.

அம்சவேணிக்குப் புரியவில்லை. குடையை மடக்கி மாதா கோயிலின் பக்கவாட்டு வாசலில் சாய்த்துவிட்டு, எந்தப் பெரியவர் என்று கேட்டாள். உயரமான வெள்ளைக்காரர், நல்ல வயசாளி, துறைமுகத்துக் கொச்சைத் தமிழ் பேசினார் என்றார் மாரிச்சாமி. டோலன் குடும்பத்தை விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாளாமே, அவள் யார், எங்கே குடியிருக்கிறாள் என்று கேட்டாராம். இவளுடைய வீட்டு மனிதர் என்று நினைத்துப் பேரையும் லான்மடாவ் தெரு விலாசத்தையும் மாரிச்சாமி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வந்தவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் காட்டினார். கடைசி வரிசைப் பெஞ்சில் ஓர் ஆள் அகலத்துக்கு மரம் கறுத்து, நீரில் ஊறிப்போய்க் கிடந்தது. மழைச் சாரல் எட்டாத இடம் அது. எத்தனை தடவை துடைத்தும் காயமாட்டேன் என்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டார். அம்சவேணி குனிந்து பார்த்தாள். மெழுகுவர்த்தியும் பழைய சாம்பிராணியும் கலந்த கோயில் வாசனைக்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. மூட்டைக்குள் அழுகிக் கூழாகிப்போன உருளைக்கிழங்கின் தித்திப்பான நாற்றம்.

அவள் பயப்படவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

ரங்கூனில் அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில், மழை விட்டபாடில்லை. அந்த மழையில்தான் அவள் பத்து நாளாகத் தன் தாத்தாவைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள். தாத்தா ஒரு வெள்ளைக்காரர் என்பது அவள் சாம்பல் நிறக் கண்களிலேயே தெரிந்தது. மகள் தங்கமணிக்கோ வெயிலில் நின்றால் தலைமுடி செம்பு நிறமாக மின்னும். டவுனில் ஒரு கான்வென்டில் ஐரோப்பிய வம்சத்துப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருந்தது. அதில் சேர்ந்துவிட்டால் பிள்ளையின் வாழ்க்கையே வேறு. ஆனால் வம்சத்தை நிரூபிக்க வேண்டும். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த கணவன் வடிவேல்தான் இந்த யோசனையைச் சொன்னவன். அவனுக்கு லீவு கிடைக்காது. ஆகவே விசாரிக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

அம்மா காளியம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. தன் அப்பாவைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. போன வருஷம் மலேரியாக் காய்ச்சலில் பிதற்றியபோதுதான் “டோலன், டோலன்” என்று அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்தது. அது அயர்லாந்துப் பேர், அயர்லாந்துக்காரர்கள் கத்தோலிக்கர்கள் என்று வடிவேல் சொன்னதால் அம்சவேணி இந்த மாதா கோயிலுக்கு வந்தாள். பழைய ஞானஸ்நானப் பதிவுகளைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. அவளுக்கு மிச்சமிருந்த வழி, ஆட்களைத் தேடிப்போய்க் கேட்பதுதான். போகிற இடத்திலெல்லாம் தன் பேர், மகள் பேர், தெருப் பேர் எல்லாவற்றையும் சொல்லிவைத்தாள். யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் வரட்டுமே என்றுதான்.

இப்போது யாரோ வந்திருக்கிறார். தாத்தாவின் தம்பியாக இருக்கலாம். தம்பி மகனாக இருக்கலாம். ஒரு வெள்ளைக்கார உறவினர் கான்வென்ட் தலைமைத் தாயாரின் முன்னால் வந்து நின்றால் அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அவர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாள். தஸ்தகீர் மரைக்காயரின் பேரை உனக்குச் சொன்னதுபோல அவருக்கும் சொன்னேன் என்றார் மாரிச்சாமி.

தஸ்தகீர் ஆற்றங்கரையில் மகனுடைய கயிற்றுக் கடைக்குப் பின்னால் ஒரு கட்டிலில் இருந்தார். எண்பது வயதுக்கு மேல். புரை விழுந்து இரண்டு கண்ணும் போய்விட்டன. இளவயதில் டோலன் மேற்பார்வை பார்த்த மரக்கிடங்கில் வேலை செய்தவர். அம்சவேணி போன வாரமே அவரிடம் வந்து போயிருந்தாள். டோலன் பட்டாளத்தோடு வந்திறங்கி, பட்டாளத்தை விட்டு இங்கேயே தங்கிவிட்டவர் என்பதையும், தமிழ்ப் பெண்ணோடு குடும்பம் நடத்தியவர் என்பதையும் இவர்தான் சொன்னார். சின்ன வயதில் டோலனின் ஊரில் கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்ததாம். கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்களாம், மிச்சமிருந்தவர்களும் திசைக்கொருவராகப் போனார்களாம். குடும்பம் பிரியக் கூடாது, பிரியக் கூடாது என்று அவர் போதையில் அழுவார் என்றும் சொல்லியிருந்தார்.

இன்று அவள் குரலைக் கேட்டதும் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணியைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டார்.

“காலைல ஒருத்தர் வந்தாக, புள்ள. நீ குந்தியிருக்க எடத்துலதான் குந்துனாக. ஒம் பேரைக் கேட்டாக. ஒம் மக பேரைக் கேட்டாக. நானும் சொல்லிட்டேன்.”

யார் அவர், பேர் சொன்னாரா என்று ஆவலோடு கேட்டாள். கிழவர் முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். கடைக்கு முன்னால் யாரோ கயிற்றுச் சுருளை உருட்டிப் போடுகிற சத்தமும், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தமும், ஆற்றில் ஒரு கப்பல் சங்கு நீளமாக ஊதி அடங்குகிற சத்தமும் கேட்டன.

“பேரு சொல்லணும்னு இல்லை. எனக்குக் கண்ணுதான் இல்லை. காது இருக்கு. அது டோலன் தொரை கொரல்.”

அவர் உயிரோடு இருந்தால் உங்களைவிட வயது கூடுதலாக இருக்குமே என்றாள் அவள்.

“அதைத்தான் சொல்றேன். கெழவன் கொரலா இல்லை. அன்னைக்குக் கெடங்குல எங்களைக் கூப்பிடுமே, அதே கொரல். நான் கையைப் புடிச்சுப் பாத்தேன்.”

“பிடிச்சு?”

“விட்டுட்டேன்” என்றார் கிழவர். பிறகு, அந்தக் கையை மழைத்தண்ணீரில் கழுவவேண்டும், வெளியே கூட்டிப்போ என்று மகனை அழைக்க ஆரம்பித்தார். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஈரமாக இருப்பதை அம்சவேணி அப்போதுதான் உணர்ந்தாள். சேலையின் பின்புறம் குளிர்ந்துபோயிருந்தது. அந்த நாற்றம் இப்போது அவள் மேலேயே இருந்தது.

வயதானவர், கண்ணும் இல்லை, ஏதோ குழப்பம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கால்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பழைய கண்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்தில் டோலனைப் புதைத்ததாக யாரோ சொன்னார்கள் என்று தஸ்தகீர் முன்பே சொல்லியிருந்தார். கல் இருந்தால் மனிதர் செத்துவிட்டார், வந்தவர் வேறு யாரோ. கல் இல்லையென்றால் அவர் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான். இரண்டில் எது என்று தெரிந்துவிட்டால் போதும் என்று டிராம் ஏறினாள்.

கல் இருந்தது.

தோட்டத்தின் கோடியில், மழைக்குத் தாழ்ந்து நின்ற ஒரு புளியமரத்தின் அடியில், இடுப்பளவுப் புல்லுக்குள். பிற்பகல்தான், ஆனால் மேகம் கவிந்து வெளிச்சம் சாம்பலாகிவிட்டிருந்தது. கல்லறை மற்றவற்றைவிட அகலமாக இருந்தது, பலரைச் சேர்த்து ஒரே குழியில் கிடத்தியதுபோல. மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பாசியை நகத்தால் சுரண்டிவிட்டு வாய்விட்டுப் படித்தாள். ஓவன் டோலன். எழுபத்தைந்தாம் வருஷம் இறந்தவர். அப்படியானால் செத்துவிட்டார். ஐம்பது வருஷமாகிவிட்டது. அவளுக்கு மூச்சு வந்தது. கீழே பிள்ளைகளின் பேர்கள் இருந்தன.

“நோரா” என்று படித்தாள்.

புல்லுக்குள்ளிருந்து ‘ம்’ என்று ஒரு சின்னச் சத்தம். தவளை என்று நினைத்தாள்.

“பாட்ரிக்.”

‘ம்.’

மூன்றாவது பேர் ப்ரிஜிட். அதற்கு நேரே பிறந்த வருஷம் மட்டும் வெட்டியிருந்தது. இறந்த வருஷம் இல்லை. கல்லில் அந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தது. அம்மாவின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. காளியம்மாவுக்கு இப்படி ஒரு பேர் இருந்திருக்கிறது.

“ப்ரிஜிட்” என்றாள்.

சத்தம் வரவில்லை. மழை இலைமேல் விழுகிற சத்தம்கூட ஒரு கணம் தள்ளிப்போனதுபோல இருந்தது.

“மைக்கேல்.”

‘ம்.’

அவள் பின்னால் நகர்ந்தாள். தவளைதான், தவளைதான் என்று உதடு முணுமுணுத்தது. ஆனாலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். நோரா. பாட்ரிக். ஒவ்வொன்றுக்கும் அதே சத்தம், மண்ணுக்கு மிக அருகிலிருந்து, தூக்கத்தில் பதில் சொல்கிற பிள்ளையின் குரல் போல. ப்ரிஜிட் என்றதும் அதே மௌனம். யாரோ காது கொடுத்துக் காத்திருக்கிற மௌனம். புல் முழுவதும் மழையில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மட்டும் ஆடாமல் நின்றது.

குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

காளியம்மா பபேடான் பேட்டையில் காளி கோயில் பக்கம் பலகாரக் கடை வைத்திருந்தாள். அடுப்பில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தொப்பலாக நனைந்து நின்ற மகளைப் பார்த்து என்னவென்று கேட்க வாயெடுத்தவள், நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சினாள். கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் நழுவி விழுந்தது.

“எங்கடி போனே?”

அம்சவேணி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டபடியே அம்மா அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். பிறகு அந்தப் புகைக்கு நடுவில் நின்றபடி, இத்தனை வருஷம் சொல்லாததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தி, பிள்ளைகளை ஒரே படுக்கையில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். இருக்கேன் அப்பா என்று பதில் சொல்லவேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும். காலரா வந்த வருஷம் மூத்தவள் நோரா முதலில் போனாள். பிணத்தை எடுக்க அவர் விடவில்லை. கதவுக்கு ஆணி அடித்தார். செத்தவளை அவள் இடத்திலேயே கிடத்தி, மற்றவர்களைப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். அடுத்துப் பாட்ரிக். அடுத்துக் கைக்குழந்தை மைக்கேல். பொழுது சாய்ந்தால் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

“அவங்களும் பதில் சொன்னாங்க” என்றாள் காளியம்மா. “செத்த பிறகு. நான் நடுவில படுத்திருந்தேன், அம்சா. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

அன்றைக்கு ப்ரிஜிட் என்ற பேர் வந்தபோது அவளுடைய அம்மா பின்னாலிருந்து அவள் வாயைப் பொத்தினாள். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொத்திய கையை எடுக்காமலே, சமையல்கட்டுப் பலகையைப் பெயர்த்து, ஆறு வயதுப் பிள்ளையோடு சாக்கடைக்குள் இறங்கிப் போய்விட்டாள். ஜனங்கள் கதவை உடைத்தபோது அவரும் அந்தப் படுக்கையிலேயே செத்துக் கிடந்தார்.

“பேரை மாத்தினா கண்டுபிடிக்க மாட்டாருன்னு எங்கம்மா நம்பினா. மாட்டாருதான். இத்தனை வருஷம் வரலையே.” அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். “தங்கமணி பேரையும் சொன்னியா?”

அம்சவேணி ஆமென்று தலையசைத்தாள்.

காளியம்மா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு மழையில் இறங்கினாள். வழியில் ரிக்‌ஷா இழுக்கும் ஒரு லாஞ்சாக்காரனை நிறுத்தி இருவரும் ஏறிக்கொண்டார்கள். அவன் வெறுங்காலால் தண்ணீரைச் சளப்சளப்பென்று மிதித்துக்கொண்டு ஓடினான். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கூப்பிட்டால் வாயைத் திறக்காதே. என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே. தெருவில் விளக்கு போடத் தொடங்கியிருந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

தங்கமணியைக் கீழ்வீட்டுக் கரீமாவிடம் விட்டுவிட்டுத்தான் அம்சவேணி தினமும் போவாள். கரீமா நிலைப்படியில் மருதாணி இலை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒந் தாத்தா வந்திருக்காக, அம்சா. ரொம்ப நல்ல மாதிரி. படிக்கட்டுல நின்னு புள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாக. அது ‘இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே மேல ஓடிடுச்சு.”

மரப்படிகள் நனைந்திருந்தன. ஒவ்வொரு படியிலும் பெரிய பூட்ஸின் ஈரம். அதன் பக்கத்திலேயே சின்னச் சின்ன வெறுங்கால்களின் ஈரம். ஒரு பிள்ளையின் கால்கள் அல்ல அவை. நாற்றம் படி ஏற ஏற அடர்ந்து, தொண்டையில் ஒட்டியது. அம்சவேணி முன்னால் போகப்பார்த்தாள். அம்மா அவளைப் பின்னுக்குத் தள்ளினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே விளக்கில்லை. ஜன்னல் வழியாகத் தெரு வெளிச்சம் கொஞ்சம். தரையில் பஞ்சு மெத்தை விரித்திருந்தது. அவளும் வடிவேலும் பிள்ளையும் படுக்கிற மெத்தை. தங்கமணி அதில் மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. காலையில் கன்னத்தில் பூசிவிட்ட தனாக்கா மரப்பட்டைச் சாந்து ஈரத்தில் கரைந்து வழிந்திருந்தது.

அவள் தனியாக இல்லை.

அவளுக்கு அந்தப் பக்கம் மெத்தை பள்ளம் பள்ளமாக அமுங்கியிருந்தது. சின்னப் பள்ளங்கள். பிள்ளை அளவு. அவற்றில் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. ஓரத்தில் ஒரு பெரிய பள்ளம். அது அசையவில்லை.

நடுவில் ஓர் இடம் மட்டும் அமுங்காமல்.

“நோரா” என்றது அந்தக் குரல். அன்பான குரல். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

‘ம்.’

“பாட்ரிக்.”

‘ம்.’

“ப்ரிஜிட்.”

மௌனம். பள்ளங்கள் எல்லாம் மூச்சை நிறுத்தின.

அம்மா அவள் கையை விட்டாள். விட்டுவிட்டு அறைக்குள் நடந்தாள். அம்சவேணி அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தாள். ஈரத்துணி விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது.

“இருக்கேன் அப்பா” என்றாள் காளியம்மா. “நான் வந்துட்டேன். புள்ளையை விட்டுடு.”

மெத்தையில் ஏறிப் படுத்தாள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து. அது ஆறு வயதுப் பிள்ளைக்கான இடம். எலும்புகள் நெரிகிற சத்தம் ஒன்று கேட்டது. அம்மா அதில் அடங்கினாள்.

“மைக்கேல்.”

‘ம்.’

குரல் நிற்கவில்லை.

“தங்கமணி.”

“இருக்கேன்” என்றாள் தங்கமணி.

அம்சவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கால் நகரவில்லை.

“அம்சவேணி” என்றது குரல்.

கோபமில்லை. அவசரமில்லை. காத்திருந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. கீழே கரீமா யாரோடோ பேசுவது கேட்டது. மெத்தைமேல் தங்கமணி முகத்தைத் திருப்பி அம்சவேணியைப் பார்த்தாள். நெற்றியில் விழுந்த அவள் செம்பட்டை முடி தானாக விலகி, காதுக்குப் பின்னால் பதமாக ஒதுங்கியது.

“அம்மா” என்றாள் மெதுவாக. “உன்னைத்தான்மா கூப்பிடுறாங்க. சொல்லும்மா.”

பிறகு, யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல, கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். அவள் விட்ட இடத்தில், தலைப்பக்கமிருந்து கால்பக்கம் வரை, ஒரு வளர்ந்த பெண்ணின் நீளத்துக்கு, மெத்தை மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.